கிருபாபாய் பள்ளிக்கூடத்தில் தொட்டில் கட்டிய ஆடி மாதம்

கிருபாபாய் என் அப்பாவுக்கு உடன்பிறந்த மூத்த அக்காள், எனக்குப் பெரிய அத்தை. அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள். பெரிய தம்பி கொழும்புக்குப் போய் அங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார். சின்னவர்தான் என் அப்பா. அத்தை வீட்டுக்காரர் தேவசகாயம் மாமா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மண்டியில் தராசு பிடித்தார். திங்கட்கிழமை விடியலில் வண்டியேறினால் சனிக்கிழமை பொழுது சாய்ந்துதான் சீவில்லிபுத்தூருக்குத் திரும்புவார். வாரத்தில் ஆறு நாள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. பிள்ளையும் அப்போது இல்லை. என் அத்தை மகன் சாமுவேல் பிறந்ததெல்லாம் இந்தக் கதைக்கு ரொம்பப் பின்னால்.

நாங்கள் தெற்கே தேரிக்காட்டுப் பக்கத்து வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து, வாத்தியார் டிரெயினிங்கும் முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள் அத்தை. சீவில்லிபுத்தூரில் தெற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில், வாடகை வீடு ஒன்றில், தாலுகா போர்டு நடத்திய பெண் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் மூன்று வருஷம் கீழ்வகுப்புகளுக்குப் பாடம் சொன்னாள். பெரிய வாத்தியாரம்மாவாக இருந்தவருக்கு அவர் மகள் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டு ஆளனுப்பவும், அவர் கிளம்பிப் போய்விட்டார். போர்டில் கூடிப் பேசி, அந்த இடத்துக்கு அத்தையை ‘ஆக்டிங் ஹெட்மிஸ்ட்ரஸ்’ என்று போட்டார்கள். அதாவது, நாற்காலியில் உட்காரலாம், சாய்ந்துகொள்ளக் கூடாது.

நிரந்தரமாக்க ஒரு நிபந்தனை இருந்தது. நாலாம் வகுப்பு வரைக்கும் இருந்தால்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று ஒருத்தி. பிள்ளைகளோ மூன்றாம் வகுப்பு தாண்டினதும் ஒவ்வொருவராகப் படிப்பை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வருகிற இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு நாலாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளாவது வந்து பரீட்சைக்கு உட்கார்ந்தால் வகுப்பு இருக்கும், அத்தைக்கும் வேலை நிலைக்கும். இல்லையென்றால் நாலாம் வகுப்பை எடுத்துவிடுவார்கள். அத்தை மறுபடியும் அரிச்சுவடி வாத்தியாரம்மா. அவளுக்குச் சம்பளம் குறைவதைவிட அந்த நாலாம் வகுப்புப் போவதுதான் நெஞ்சில் முள்ளாக இருந்தது. அந்தப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பில் கைபிடித்து ‘அ’ எழுத வைத்தவளே அவள்தானே.

ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸ் என்றால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டிரெயினிங்கில் அதற்குப் பாடம் இல்லை. எல்லாவற்றையும் தானே செய்வதுதான் அந்த வேலை என்று நினைத்துக்கொண்டாள். காலையில் வாசல் கூட்டுவது அவள், தண்ணீர்ப் பானை நிரப்புவது அவள், நாலு வகுப்புக்கும் கணக்கு, பூகோளம், வாசகம் எல்லாம் அவள். உதவிக்கு நூர்னிசா என்று ஒரு வாத்தியாரம்மா இருந்தாள். ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த மைதீன் பிச்சையின் மகள். புருஷன் பினாங்கில் வியாபாரம். அவளுக்குத் தையல் வகுப்பு மட்டும். அவள் ஊசியில் நூல் கோக்கும்போதுகூட அத்தை பின்னால் நின்று, “நூல் நீளம் கூடிப் போச்சு” என்பாளாம்.

“அக்கா, நான் பொறந்ததிலருந்து நூல் கோக்கேன். எங்க கடைல விக்கிறதே துணிதான்” என்பாள் நூர்னிசா.

பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்துவர வெள்ளைத்தாய் என்று ஒருத்தி. ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்த வீட்டுக்கு எந்த ஊர்ச் சம்பந்தம் என்று அவளைக் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்லுவாள். ஆனால் அத்தை அவளிடமும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய்விட்டது என்று கேளுங்கள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் துரைசானி, எந்த நாள் தோதுப்படும் என்று முன்கூட்டியே கேட்டனுப்பினார். அத்தை தானே யோசித்தாள். ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடும். அதற்கு முன்னால் பிள்ளைகள் வரமாட்டார்கள், கவனமெல்லாம் வளையல் கடையில் இருக்கும். தேர் ஓடி முடிந்துவிட்டால் நிம்மதியாக வந்துவிடுவார்கள். ஆகையால் பூரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை என்று பதில் அனுப்பிவிட்டாள். அனுப்பினதைப் பெருமையாக வெள்ளைத்தாயிடம் சொன்னாள்.

வெள்ளைத்தாய் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

“என்னிக்கு வரச் சொன்னீய?”

“திங்கக்கெழம. அதான் தேர் முடிஞ்சிருமே.”

“எவ சொன்னா முடிஞ்சிரும்னு?”

“ஒரு நாளு இழுப்பாங்க. மறுநா நெலைக்கு வந்துரும். எங்க ஊருப் பக்கமெல்லாம் அப்படித்தான்.”

வெள்ளைத்தாய் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சேலையில் வழிந்துவிட்டது. “ஏ, எம்மா! உங்க ஊருத் தேரு கைல தூக்கிட்டுப் போறாப்ல இருக்கும். இது ஆண்டாள் தேரு. ஆயிரம் பேரு இழுத்தாலும் அவ நெனச்சாத்தான் நகருவா. போன வருசம் எம்புட்டு நாளாச்சு தெரியுமா? வந்த விருந்தாளி தின்னே எங்க மச்சான் வீட்ல குதிரு காலி.”

அதுவரை பூரத்து லீவுக்கெல்லாம் அத்தை தன் ஊருக்குப் போய்விடுவாள், இந்தத் தேர் ஓடிப் பார்த்ததே இல்லை. சீவில்லிபுத்தூரில் பிறந்தவர்கள் யாரும் செய்யாத தப்பு அது. அந்தத் தேர் அம்புட்டுப் பெரிது. வடம் பிடித்தால் சில வருஷம் தெரு திரும்பவே நாள்கணக்காகும். தேர் நிலைக்கு வராமல் வந்த சொந்தம் ஊருக்குக் கிளம்பாது. கூமாப்பட்டி, கான்சாபுரம், செட்டியார்பட்டி என்று சுற்றுப்பட்டு அத்தனை ஊர் உறவும் ஒவ்வொரு வீட்டிலும் பாய் போட்டிருக்கும். ஆம்பிளைகள் வடத்தில், பொம்பளைகள் அடுப்பில். கைக்குழந்தைகள் யார் இடுப்பில்? வீட்டுப் பெண்பிள்ளைகள் இடுப்பில். நாலாம் வகுப்புப் பிள்ளைகள்தானே அந்த வயது.

சொன்ன நாளை மாற்றினால் தெரியாதவள் என்று ஆகிவிடுமே என்று அத்தை அப்படியே விட்டிருந்தாள். அந்த வருஷமும் தேர் தெற்கு ரத வீதி திரும்புகிற மூலையில் வந்து அசையாமல் நின்றது. சக்கரத்துக்குத் தடி போட்டார்கள், வெடி போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். அது கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த அத்தை, அந்த மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். துரைசானிக்கு இனி மாற்றிச் சொல்லி அனுப்ப நேரமில்லை. அவர் ராஜபாளையம் பள்ளிக்கூடத்தைப் பார்த்து முடித்து, மறுநாள் காலை வண்டியில் வந்துகொண்டிருப்பார்.

வேறு வழியில்லாமல் வெள்ளைத்தாயைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முதலில் போனது போர்டு மெம்பர் சங்கரலிங்கம் வீட்டுக்கு. அவர் மகள் கோதை நாலாம் வகுப்பு. மெம்பர் வீட்டுப் பிள்ளையே வரவில்லையென்றால் யார் வருவார்கள்?

சங்கரலிங்கம் வடம் பிடித்த கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கோதை இடுப்பில் ஒரு கொழுத்த பிள்ளை. அது அவள் அத்தை குருவம்மாளின் கடைக்குட்டி. குருவம்மாள் சங்கரலிங்கத்துக்கு மூத்த அக்காள், கூமாப்பட்டியில் வாக்கப்பட்டவள். அந்த வீட்டில் அவள் பேசினால் மெம்பர் பேசமாட்டார்.

“நாளைக்குப் பரீட்சை. கோதைய அனுப்பணும்” என்றாள் அத்தை.

“நான் என்னத்தச் சொல்ல?” என்று சங்கரலிங்கம் உள்பக்கம் பார்த்தார்.

குருவம்மாள் அரிவாள்மணையிலிருந்து எழுந்திரிக்காமலே கேட்டாள். “அவ போயிட்டா எம் பிள்ளைய யாரு பாப்பா? பதினாறு பேருக்குப் பொங்கணும் நான். நீங்க பாப்பீயளா, வாத்தியாரம்மா?”

அத்தைக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. “பாக்கேன். பிள்ளையோடயே அனுப்புங்க. தொட்டில் கட்டி ஆட்டுதேன்.”

“ஆத்தாடி! படிச்ச பொம்பளைக்குப் பிள்ள ஆட்டத் தெரியுமா?”

“ஆட்டத் தெரியலேன்னா நீங்க வந்து சொல்லிக் குடுங்க.”

இது கோபத்தில் சொன்ன பேச்சு. ஆனால் வெள்ளைத்தாய் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, பொழுது அடையுமுன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போட்டுவிட்டாள். “நாளைக்குப் பள்ளியொடத்துக்குப் பிள்ளையோட வரலாமாம். தொட்டிலு, துணிமணி நீங்களே கொண்டாரணும்.”

மறுநாள் காலையில் அத்தை கதவு திறந்தபோது வாசலில் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி நின்றது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். இடுப்பில் ஆளுக்கொரு குழந்தை. அதோடு போகவில்லை. முன்னேபின்னே தெரியாத வேதக்கார வாத்தியாரம்மாவை நம்பிப் பிள்ளையை விடுவதாவது என்று பெற்ற தாய்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். குருவம்மாள் பதினாறு பேர் சமையலைத் தம்பி பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு, கையில் முறுக்குப் பெட்டியோடு முதல் ஆளாக நின்றாள். கூடவே அவள் மூத்த மகள் செல்லக்கனி, வாயைத் திறந்தபடி உள்ளே சுவரில் தொங்கிய பூகோளப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செத்த நேரத்தில் உத்திரம் முழுக்கச் சேலைத் தொட்டில். மஞ்சள், பச்சை, கண்டாங்கி. ராஜபாளையத்திலிருந்து வந்த தெலுங்குக்கார அம்மாள் ஒருத்தி தெலுங்கில் தாலாட்டினாள். கான்சாபுரத்துக்காரி, “அந்தப் பாட்டுல எம் பிள்ள முழிச்சிக்கிடுது” என்று தமிழில் எதிர்ப்பாட்டு எடுத்தாள். ஒரு பிள்ளை அழ, எல்லாம் அழுதது. அத்தை ஒரு கையில் தொட்டிலும் ஒரு கையில் புத்தகமுமாக, “வாசகம் பதினெட்டாம் பாடம் எடுங்க... ஆராரோ... முதல் வரி யாரு படிப்பா... ஆரிரரோ” என்று திண்டாடினாள்.

நூர்னிசா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் கிட்டே போய்ப் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அக்கா, ஒண்ணு தொட்டில ஆட்டுங்க, இல்ல பாடம் நடத்துங்க. ரெண்டும் சேந்து நடக்காது. நாலாம் வகுப்ப நான் பாக்கேன்.”

“நீயா? பூகோளம் இருக்கு, நூர்னிசா.”

“இருக்கட்டும். அது என்ன, கடிக்கவா செய்யும்?”

பேச நேரமில்லை. குருவம்மாளின் கடைக்குட்டி அத்தை தோளைப் பிடித்து ஏறிவிட்டது. ஒருத்திக்குத் தண்ணீர் வேண்டும், ஒருத்திக்கு நிழல் வேண்டும், ரெண்டு பேருக்குள் ஒரு தொட்டில் கயிற்றுக்குச் சண்டை. அத்தை ஓடினாள். பிள்ளைகளை வயசுப்படி பிரித்தாள். தூங்குகிறவர்களைக் கூடத்தின் உள்ளோரத்துக்கு மாற்றினாள், விளையாடுகிறவர்களை முற்றத்துக்கு அனுப்பினாள். குரல் பெரிதான அம்மாக்களுக்கு மோர் கலக்கும் வேலையைக் கொடுத்தாள். சின்ன வகுப்புகளுக்கு, சிலேட்டில் படம் போடுங்கள் என்று சொல்லி அவர்கள் நடுவில் வெள்ளைத்தாயை உட்காரவைத்தாள். வெள்ளைத்தாய் கதை சொன்னால் யார்தான் எழுந்திரிப்பார்கள்?

நூர்னிசா என்ன செய்தாள் தெரியுமா? அத்தை பூகோளம் நடத்தினால் ஊர்ப் பெயரை வரிசையாகப் பாட வைப்பாள். நூர்னிசா சுண்ணாம்புக் கட்டியால் தரையில் பெரிதாகக் கோடு போட்டு, நடுவில் சீவில்லிபுத்தூர்த் தேரை வரைந்தாள். மேற்கே மலை. பிறகு விருந்தாளிப் பொம்பளைகளைக் கூப்பிட்டாள்.

“கூமாப்பட்டி அக்கா வடக்க ஒக்காருங்க. கான்சாபுரம் அவிய பக்கத்துல. ராஜபாளையத்து அம்மா தெக்க. செட்டியார்பட்டி அதுக்கும் தெக்க, செத்த தள்ளி. கோதை, இப்ப சொல்லு, மலைல பேஞ்ச மழ எந்தப் பக்கமா ஓடி வரும்?”

“என்னய ஏன் இந்தச் சுவத்தோரமா ஒக்கார வைக்க?” என்றாள் குருவம்மாள். “எங்க ஊரு மலைக்குக் கீழல்லா இருக்கு. இன்னும் மேக்க தள்ளிப் போடு.”

“அப்படியே நகந்து ஒக்காருங்கக்கா. பாத்தியாட்டி கோதை? படம் தப்பு, உங்க அத்த சரி.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. பிள்ளைகள் ஒரு கையால் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே மறு கையால் தங்கள் சிலேட்டில் அந்தப் படத்தை வரைந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் துரைசானி வாசலில் வந்து நின்றார். தேர் வழியை மறித்ததால் வண்டியை விட்டு இறங்கி, கூட்டத்துக்குள் நடந்தே வந்திருந்தார். தொப்பியில் யாரோ எறிந்த பூ. பக்கத்தில் சங்கரலிங்கம், வடத்திலிருந்து அப்படியே ஓடிவந்த வேர்வையோடு.

துரைசானி புத்தகத்தில் படித்த தமிழ் பேசுவார். “இது பாடசாலைதானா?” என்றார்.

சங்கரலிங்கம் உள்ளே எட்டிப் பார்த்தார். கூடத்து நடுவில் அவர் அக்காள் காலை நீட்டி உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே சங்கரலிங்கம், உள்ள வா. சத்தம் போடாத, பிள்ள இப்பந்தான் கண்ணசருது. அந்தத் தொரசானி யாரு? ஒக்காரச் சொல்லு. செட்டியார்பட்டி தாண்டி எடம் கெடக்கு.”

“தலைமை ஆசிரியை எங்கே?” என்றார் துரைசானி.

அத்தை முற்றத்திலிருந்து வந்தாள். கஞ்சி போட்ட ரவிக்கையைக் கடைக்குட்டி நனைத்திருந்தது. ஒரு கையில் மோர்ச் செம்பு. கும்பிடக் கை இல்லை. துரைசானிக்கு நடத்திக் காட்ட இத்தனை நாள் ஒத்திகை பார்த்த பாடத்துக்கு அவளிடம் புத்தகமும் இல்லை. போச்சு, என்று நினைத்தாள். “நான்தான், அம்மா” என்று சொல்லி மோரை நீட்டினாள்.

துரைசானி மோரைக் குடித்தார். பிறகு செட்டியார்பட்டிக்குத் தெற்கே போட்ட மணையில் உட்கார்ந்து, பரீட்சையை ஆரம்பித்தார். வாசிக்கச் சொன்னார், வாசித்தார்கள். கணக்குக் கேட்டார், போட்டார்கள். மலையில் பெய்யும் மழையைப் பற்றிக் கேட்டபோது கோதை எழுந்து, கூமாப்பட்டி அத்தை காலடியிலிருந்து கோட்டுமேல் நடந்து காட்டிவிட்டாள். தெலுங்குக்கார அம்மாள், “சாலா பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு!” என்று கை தட்டினாள். அவள் தட்டலில் மூன்று பிள்ளைகள் விழித்துக்கொண்டன.

பரீட்சை முடிந்து துரைசானி அத்தையை முற்றத்துக்கு அழைத்தார். சங்கரலிங்கமும் கூட நின்றார்.

“வகுப்பு முழுவதும் வந்திருக்கிறது. விடைகளும் நன்று. ஆனால் இவர்கள் இன்று வந்தது குழந்தைகளுக்காகவா, பாடத்துக்காகவா? விருந்தினர் சென்ற பின்னர் வருவார்களா?”

மெம்பர் முந்திக்கொண்டு, “வருவாங்க, வருவாங்க” என்றார். அவர் மானமும் அதில் இருந்ததே.

அத்தை தலையை ஆட்டினாள். “தெரியாது, அம்மா. வரவேணும்னு ஆசை இருக்கு. வருவாங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பூகோளம் நடத்தினது நான் இல்ல, அந்த நூர்னிசா. இத்தன நாளு அவள நடத்த விடாம வச்சிருந்தேன்.”

துரைசானி அவளையே பார்த்தார். “நல்லது. நான் வத்திராயிருப்புப் பக்கத்துப் பாடசாலைகளைக் கண்டு வருகிறேன். தேர் தன் இடத்துக்குச் சென்ற மறுநாள் காலை இங்கே மீண்டும் வருவேன். அன்று எத்தனை பேர் என்று பார்ப்போம். அது எந்த நாள்?”

“அது அந்த ஆண்டாளுக்கே வெளிச்சம்” என்றார் சங்கரலிங்கம்.

தேர் அந்த வாரம் முழுக்கத் தெருத்தெருவாக நின்று நின்றுதான் போனது. அத்தனை நாளும் தொட்டில்கள் ஆடின. நூர்னிசா நாலாம் வகுப்பை விடவில்லை. அத்தை இப்போது வெள்ளைத்தாயிடம் எல்லாவற்றையும் கேட்டாள். எந்த வீட்டில் எந்த நேரம் பிள்ளைக்கு வேலை, எந்தத் தகப்பனிடம் பேசினால் நடக்கும், எந்தத் தாயிடம் பேசினால் தகப்பன் கேட்பான் என்று.

“இப்பவாச்சும் கேட்டீயளே” என்றாள் வெள்ளைத்தாய். “வாயி காஞ்சு கெடந்தேன்.”

ஒருநாள் சாயங்காலம் ஊரே அதிர்கிற மாதிரி சத்தம். தேர் நிலைக்கு வந்துவிட்டது. ராவோடு ராவாக வண்டி கட்டினார்கள். சொந்தமெல்லாம் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை கூடம் பெரிதாக, வெறிச்சென்று கிடந்தது. உத்திரத்தில் ஒரு தொட்டில்கூட இல்லை. மெம்பர் ராத்திரியே ஆளனுப்பியிருந்தார், சொன்ன சொல் தவறாமல் துரைசானி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கரலிங்கம் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். அவர் மகள் கோதை காலையில் எழுந்ததிலிருந்து கண்ணில் படவேயில்லை. நூர்னிசா உதட்டுக்குள் ஏதோ ஓதினாள். அத்தை அந்த நேரம் ஜெபம்கூடப் பண்ணவில்லையாம், காதை மட்டும் தெருவில் வைத்திருந்தாளாம்.

முதலில் வெள்ளைத்தாயின் சத்தம் கேட்டது. பின்னால் பிள்ளைகள். சின்ன வகுப்பு, பெரிய வகுப்பு, நாலாம் வகுப்பு. இடுப்பில் ஒன்றும் இல்லாமல், கையில் சிலேட்டோடு. வராதவள் ஒருத்திதான், அவளுக்குக் காய்ச்சல். கோதை கடைசியில் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு செல்லக்கனி. அவர்களுக்குப் பின்னால் குருவம்மாள்.

“அக்கா, நீ ஊருக்குப் போகல?” என்றார் சங்கரலிங்கம்.

“வண்டி தெரு முக்குல நிக்கி. இவள விட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.” மகள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “வாத்தியாரம்மா, ராத்திரி பூரா அழுக. எங்கூருல இருந்தா எரும மேக்கும். மாமன் வீட்ல தின்னுட்டு இங்க படிக்கட்டும். ஏலே, ஒனக்குச் சம்மதந்தான?”

“எனக்கென்ன...” என்றார் மெம்பர்.

“கேட்டது மருவாதிக்கு. கோதையம்மா சரின்னுட்டா.”

கோதையம்மா என்றது மெம்பர் பெண்டாட்டியை. இது குருவம்மாளோடு மட்டும் நிற்கவில்லை. கான்சாபுரத்துக்காரி அவள் தங்கச்சி மகளை விட்டுப் போயிருந்தாள். செட்டியார்பட்டியிலிருந்து ஒரு பிள்ளை அதன் சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டது. தெலுங்குக்கார அம்மாள்கூட ஒரு பேத்தியை உறவு வீட்டில் விட்டிருந்தாள். அந்தப் பிள்ளை வந்ததும் வராததுமாகத் தரையில் பார்த்தது, தன் ஊர் எங்கே என்று.

துரைசானி எழுந்து வந்து தலைகளை எண்ணினார், சிரித்துக்கொண்டே இன்னொரு தரமும் எண்ணினார். “நாலாம் வகுப்பு இருக்கும். தலைமை ஆசிரியையும் இருப்பார். போர்டாருக்கு நானே சொல்கிறேன். இப்பொழுது நீங்கள் ஒரு பாடம் நடத்துங்கள், கேட்கிறேன்.”

“பாடத்த நூர்னிசா நடத்துவா, அம்மா” என்றாள் அத்தை. கண்ணில் நீர் முட்டினாலும் குரல் நிமிர்ந்திருந்தது. “புதுசா வந்த பிள்ளைங்க வெறுந்தரையில நிக்கி. நான் அதப் பாக்கணும்.” திரும்பி, “மெம்பர் ஐயா, ஒடனே நாலு பாய் வேணும். இன்னிக்கே வேணும்” என்றாள்.

சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். “போர்டுல கூட்டம் போட்டுப் பேசி, பொறவு...”

“ஏலே!” என்றாள் குருவம்மாள், வாசலில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக. “உன் வீட்ல விருந்தாளிக்கு விரிச்ச பாயெல்லாம் சும்மாதான சுருட்டிக் கெடக்கு? போய் எடுத்துட்டு வா.”

மெம்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். நூர்னிசா சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கூடத்து நடுவில் குனிந்தாள். அத்தை செல்லக்கனியின் தோளில் கைவைத்து, அவளுக்கு எந்த இடம் தோதுப்படும் என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.